உங்கள் விலை ஓனர் காதுக்குப் போனதா?

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு பக்கம் மின்கம்பங்களில் கட்டியிருக்கும் சின்னப் பலகைகளைப் பாருங்கள். ‘தனி வீடு விற்பனைக்கு, ஓனர்’ என்று எழுதி, அடியில் கைபேசி எண் இருக்கும். கூப்பிட்டால் எடுப்பவர் பெரும்பாலும் ஓனர் இல்லை, புரோக்கர். “நம்ம பார்ட்டிதான் சார். முதல்ல வீட்டைப் பாருங்க, ரேட்டை உக்காந்து பேசிக்கலாம்” என்பார். வீட்டைப் பார்த்த அன்று சாயங்காலமே அடுத்த அழைப்பு வரும்: “இன்னொரு பார்ட்டி நாளைக்குக் காலையில டோக்கன் போட வர்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

80 லட்சம் சொன்ன வீட்டுக்கு நீங்கள் 70 என்கிறீர்கள். “75க்குக் கீழே ஓனர் பேசவே மாட்டார் சார்” என்று அந்த நிமிடமே பதில் வருகிறது. ஓனரைக் கேட்டுச் சொன்னதா, கேட்காமலே சொன்னதா? தெரிந்துகொள்ள வழியில்லை. தென்சென்னைப் புறநகரில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

இங்கிலாந்தில் முறை வேறு. அங்கே எஸ்டேட் ஏஜென்ட் விற்பவரின் ஆள். கமிஷனும் விற்பவர் தருவதுதான். வாங்க வருபவர் சொல்லும் விலையை உடனுக்குடன் எழுத்தில் விற்பவருக்குத் தெரிவிப்பது அங்கே ஏஜென்ட்டின் சட்டக் கடமை. நம்மூர் புரோக்கர் இரண்டு பக்கமும் வாங்குகிறார்: பக்கத்துக்கு ஒரு சதவீதம், சில இடங்களில் இரண்டு. அவர் உங்கள் ஆளும் இல்லை, ஓனரின் ஆளும் இல்லை. வியாபாரம் முடிந்தால் சரி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்தத் தெருவில் யார் விற்கப்போகிறார், எந்த வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இணையதளத்துக்கும் தெரியாது. அதற்குக் கமிஷன் தரலாம். விலை பேசுவதை மட்டும் அவர் கையில் முழுசாக விட்டுவிடக் கூடாது.

2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் அது ஆணையத்தில் பதிவான புதுத் திட்டங்களை விற்பவர்களுக்குத்தான். புது ஃபிளாட் என்றால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். செம்பாக்கத்தில் பதினைந்து வருஷப் பழைய வீட்டை முடித்துக் கொடுக்கும் புரோக்கரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. அங்கே உங்களுக்குக் காவல் நீங்கள் கேட்டு வாங்கும் காகிதங்கள்தான்.

சரி, எவ்வளவு கேட்பது? “கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு, மெட்ரோ வருது” என்பார்கள். பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தாயிற்று, உண்மை. மெட்ரோ இன்னும் திட்டம்தான். வராத ரயிலுக்கு இன்றே காசு கொடுக்க வேண்டியதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைப் பாருங்கள். அதே சர்வே எண்ணில் கடந்த சில வருஷங்களில் கைமாறிய மற்ற மனைகள், ஃபிளாட்டுகளும் அதில் வரும். ஒவ்வொன்றுக்கும் ‘கைமாற்றுத் தொகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பதால் அதை அடிமட்ட விலையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் புரோக்கர் வாயிலிருந்து வராத எண் அது.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. 2021இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் மறுபடி தண்ணீர் நின்றது. இதை விற்பவரிடம் கேட்டால் ‘நம்ம தெருவுக்கு வரலை’ என்பார். எதிர் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். எந்தப் படி வரை ஏறியது என்று கையைக் காட்டியே சொல்வார். போட்ட ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, வாசல் ரோட்டுக்குக் கீழே இறங்கிவிட்ட வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். தரையை உயர்த்த ஆகும் செலவை மேஸ்திரியிடம் கேட்டு அந்தத் தொகையைச் சொல்லி விலையைக் குறைப்பதே நியாயமான பேரம். ‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க’ என்பதற்கு இங்கே மதிப்பில்லை.

கையில் எவ்வளவு வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும். 72 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 6.48 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில் மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு, எனவே 57.60 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. மீதி 14.40 லட்சம், பதிவுச் செலவு, புரோக்கருக்கு ஒரு சதவீதம் 72,000 எல்லாம் சேர்த்து 21.60 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். (பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து முத்திரைத்தீர்வை குறைவு, 50 லட்சம் வரை 4 சதவீதம்.) 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரியாகக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

இந்த இடத்தில்தான், “50க்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியைக் கையில குடுத்துடுங்க, செலவு மிச்சம்” என்ற யோசனை வரும். மிச்சமாவது 22 லட்சத்துக்கு 9 சதவீதம், அதாவது 1.98 லட்சம். ஆனால் வங்கி 50 லட்சத்தில் 80 சதவீதம்தான் கடன் தரும்; கடன் 17.60 லட்சம் குறைந்துவிடும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் கூடுதலாகத் தெரிந்து வரியும் கூடும். போதாததற்கு, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வீட்டு விலையை ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் சட்டப்படி கூடாது; வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். இதை ஓனரிடம் எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

டோக்கனுக்கு வருவோம். அவசரப்படுத்தி வாங்கும் அந்த 50,000 ரூபாய்க்குப் பல நேரம் ரசீதே இருக்காது, அல்லது புரோக்கர் கையெழுத்து மட்டும் இருக்கும். டோக்கனை ஓனர் பெயருக்குக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் கொடுங்கள். விலை, கிரயத்துக்கு எத்தனை நாள், கடன் கிடைக்காவிட்டாலும் பத்திரத்தில் சிக்கல் வந்தாலும் பணம் முழுசாகத் திரும்பும் என்ற வரி, இவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தையும் நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தைரியத்தில் பதியாமல் விட வேண்டாம். பதிந்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே வீட்டை இன்னொருவருக்கு ஓசையில்லாமல் பேசி முடிக்க முடியாது.

ஒன்றை மட்டும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: பத்திரத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார்? பிள்ளை அமெரிக்காவில், அப்பா பவர் வைத்து விற்கிறார் என்பது இந்தப் பக்கம் சகஜம். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் அந்த 1 சதவீதக் கணக்கு செல்லாது. அதைப்போலப் பல மடங்கு பிடிக்க வேண்டியிருக்கும். பிடிக்காவிட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும்.

கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை வீடு பார்க்கும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பகுதியைப் பதிவு நாளில் தருவதாகச் சொல்லுங்கள். ஓனரோடு நேரில் ஒரு சந்திப்பு இல்லாமல் விலையை முடிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். நேர்மையான புரோக்கர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்க்கக் கட்டணம் இல்லை. டோக்கன் கொடுக்கப் போகும் நாளுக்கு முந்தின இரவே உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.