மொஸ்ற் நா சோச்சி: ஓர் ஊர்ப் பெயரின் சமூக வரலாறு

ஊர்ப் பெயர்களை மொழியியற் சான்றுகளாக மட்டும் நோக்கும் மரபு ஆய்வாளரிடையே வலுவாக உண்டு. பெயரின் வேர்ச்சொல்லை அறிதல் அவசியமே. ஆயின் அப்பெயரை இட்டவர் யார், எவ்வதிகாரத்தின் பேரில் இட்டனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாவிடின் ஆய்வு அரைவழியில் நின்றுவிடும். இதனை விளக்குதற்கு ஸ்லோவேனியாவின் மேற்கிலுள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம்.

தொல்மின் நகருக்குத் தெற்கே, சோச்சா ஆற்றுடன் இத்ரியித்சா ஆறு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது மொஸ்ற் நா சோச்சி. 'மொஸ்ற்' என்றால் பாலம்; 'நா' என்றால் மேல். சோச்சா என்னும் ஆற்றுப் பெயர் 'நா'வை அடுத்து வருகையில் வேற்றுமையேற்றுச் 'சோச்சி' ஆகின்றது. எனவே 'சோச்சாவின் மேலுள்ள பாலம்' என்பதே ஊர்ப் பெயரின் பொருள். 'மொஸ்ற்' ஸ்லாவியச் சொல். ஆற்றின் பெயரோ ஸ்லாவியர் வருகைக்கு முற்பட்டது. றோமர் அவ்வாற்றைச் 'சொந்தியுஸ்' என்றனர். அவர்தம் வீதிப்படத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 'பொன்தே சொந்தி' என்றொரு தங்குமிடம் குறிக்கப்பட்டுள்ளது. அது வேறிடம், எனினும் பெயரின் பொருள் ஒன்றே. கடக்குமிடத்தை அதன் பயன்பாட்டாற் சுட்டும் வழக்கு மொழிகளைக் கடந்து நிலவுவதாகும்.

இத்துணைத் தொன்மை வாய்ந்ததாகத் தோன்றும் இப்பெயர் ஊருக்கு இடப்பட்டது 1952இலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. அதற்கு முன்னர் ஊர் 'ஸ்வேத்தா லூத்சியா' எனப்பட்டது. 'புனித லூசியா' எனப் பொருள்படும் அப்பெயர் அங்குள்ள தேவாலயத்தைச் சார்ந்தது. 1918 வரை இப்பகுதி ஹப்ஸ்பேர்க் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1920இன் றப்பாலோ உடன்படிக்கை அதனை இத்தாலிக்கு உரியதாக்கியது. இணைக்கப்பட்ட பகுதிகளின் இடப்பெயர்களுக்கு இத்தாலிய வடிவங்களை 1923ஆம் ஆண்டின் அரச ஆணை விதித்தது. 'சாந்தா லூசியா திசோன்சோ' என்ற வடிவம் அரச ஏடுகளில் நிலைபெற்றது. புனிதையின் பெயர் இரு மொழியினருக்கும் பொதுவானதாகையால் மொழிபெயர்ப்பே போதுமானதாயிற்று. பள்ளியிலும் அலுவலகத்திலும் ஸ்லோவேனிய மொழியை ஒடுக்கிய பாஸிஸ ஆட்சியின் கருவிகளுள் இடப்பெயரும் ஒன்றாயிற்று.

1947ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கையால் ஊர் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தது. 1948இல் ஸ்லோவேனியாவில் இயற்றப்பட்ட இடப்பெயர்ச் சட்டத்தின் அடிப்படையில் சமயம் சார்ந்த ஊர்ப் பெயர்கள் பல அகற்றப்பட்டன. அவ்வழியே புனிதை நீங்கப் பாலம் வந்தது.

முற்போக்காளர் இதனை வரவேற்க முற்படுவது இயல்பே. வழிபாட்டின் இடத்தில் மனித உழைப்பின் விளைவான பாலம் அமர்ந்துள்ளதன்றோ? ஆயினும் பெயரின் பொருள் வேறு, பெயரிடும் முறை வேறு. 1923இன் ஆணையும் 1948இன் சட்டமும் நோக்கத்தில் ஒன்றல்ல. முன்னது ஒரு மக்களின் மொழியைப் பறித்தது, பின்னது அம்மொழியிலேயே பேசியது. எனினும் இரண்டும் மேலிருந்து வந்தவை. உழைக்கும் மக்களின் பெயரால் நிகழ்வதெல்லாம் அவர்களால் நிகழ்வதாகாது என்பதை மார்க்ஸிய ஆய்வு மறைத்தலாகாது.

1991இல் ஸ்லோவேனியா தனிநாடான பின் சில ஊர்கள் தம் பழைய சமயப் பெயர்களை மீளப் பெற்றன. மொஸ்ற் நா சோச்சி அவ்வாறு மாறவில்லை. மறுபுறம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு ஆயிரக்கணக்கான இரும்புக்காலப் புதைகுழிகள் அகழப்பட்டமையால், தொல்லியலாளர் அப்பண்பாட்டை இன்றும் சாந்தா லூசியாவின் பெயராலேயே வழங்குகின்றனர். சட்டம் ஊரின் பெயர்ப்பலகையை மாற்றியது. புலமை வழக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. இடப்பெயராய்வு இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.