வலி நின்றுபோன பல்

சம்பா அறுவடை முடிந்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்துக்கிடக்கும் தை, மாசி இரவுகளில் பல்வலி வந்தால் எவரும் மருத்துவரைத் தேடிப் போவதில்லை. குவியலை விட்டு நகர முடியாது. பனியில் நெல் ஈரம் ஏறிவிடுமோ என்ற கவலை வேறு. பக்கத்து மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டு, கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு, 'நெல்லுக் காசு வரட்டும், பார்த்துக்கலாம்' என்று தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துவிடுகிறார்கள். சில நாளில் வலி நின்றுவிடும். காசும் வந்துவிடும். பல் மறந்துபோகும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுக்கப் பல்லைப் பற்றி நாம் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: வலித்தால் நோய், வலி போனால் குணம். பல் விஷயத்தில் இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாகிவிடும். வலி நின்ற பிறகுதான் ஆபத்தான பகுதி தொடங்கும்.

பல்லுக்குள் நடப்பது

சொத்தைப் பல்லில் பூச்சி இருக்கிறது, கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் விழுந்துவிடும் என்று நம்பும் பெரியவர்கள் இன்றும் நம் ஊர்களில் உண்டு. பல்லைப் புழு அரிக்கிறது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் வெகுகாலம் இருந்தது. பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் 1728-ல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். வாயிலுள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலம்தான் பல்லை அரிக்கிறது என்று 1890-ல் வில்லோபி மில்லர் விளக்கினார்.

பல்லின் மேல் ஓடான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அது அரிபடும் வரை நமக்கு ஒன்றும் தெரியாது. அதற்கடுத்த அடுக்கைச் சொத்தை தொட்டதும் ஜில்லென்ற தண்ணீருக்குக் கூசும். சில நொடியில் போய்விடும். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் பல்லை அடைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

அடுத்த கட்டத்துக்கு நம் பக்கத்தில் நல்ல அடையாளம் உண்டு. சூடான டிகிரி காபி பட்டதும் சுரீரென்று பிடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் வலி விடாது. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால் சற்றுத் தேவலை என்று தோன்றும். படுத்தால் வலி கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ் வீங்கிவிட்டது என்று இதற்குப் பொருள். சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது, நரம்பு துடிக்கிறது. இதற்கு ரூட் கேனல் என்னும் வேர் சிகிச்சை, அல்லது பல்லை எடுப்பது.

அப்படியே விட்டால் கூழ் செத்துவிடும். நரம்பும் சேர்ந்து செத்துவிடுவதால் வலி நிற்கும். கொள்முதல் நிலையத்தில் வலி நின்றதாகச் சொன்னோமே, அது பல நேரம் இதுதான். கிருமிகள் செத்த கூழைத் தின்றுகொண்டு வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் அந்தப் பல்லால் கடித்தாலே உயிர் போகும். மற்ற பற்களைவிட அது உயர்ந்துவிட்டதுபோல் தட்டும். ஈறில் பருபோல ஒரு கொப்புளம் வரும். அது உடைந்து வாயில் கெட்ட சுவை வந்ததும் வலி மறுபடி நின்றுவிடும். சீழுக்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். உள்ளே ஊற்று அப்படியே இருக்கிறது.

செட் மாத்திரை செய்வதும் செய்யாததும்

கடைக்காரர் கலந்து கொடுக்கும் செட்டில் வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, சில கடைகளில் ஸ்டீராய்டும் இருந்துவிடலாம். வீக்கம் சட்டென்று வடிவதால் 'கைராசிக்காரக் கடை' என்று பெயர் வந்துவிடுகிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தொற்றின் அடையாளங்களை மறைக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நாள்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகும். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் மேலும் கெடும்.

ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. சீழ்க்கட்டிக்குள்ளும் மருந்து சரியாக நுழையாது. தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் வடிகாலை வெட்டிவிடாமல் பயிர் தேறாது என்பது டெல்டாக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்லுக்கும் வடிகால்தான் வைத்தியம்: கட்டியைக் கீறிச் சீழை எடுப்பது, வேரைத் திறந்து சுத்தம் செய்வது, முடியாவிட்டால் பல்லையே எடுப்பது. மற்றபடி உடல் நலமாக உள்ள பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிக்கும், காய்ச்சலோ பரவலோ இல்லாத சீழ்க்கட்டிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கான சிகிச்சையைச் செய்யுங்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. காய்ச்சல், பரவும் வீக்கம் என்று வந்துவிட்டால் மருந்தும் வேண்டும், வடிகாலும் வேண்டும்.

கிராம்பு தப்பில்லை, அதிலுள்ள எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். தைலத்தை அளவில்லாமல் ஊற்றினால் ஈறு வெந்துவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். புகையிலையை அடக்கிக்கொள்வது, ஆஸ்பிரினை ஈறில் ஒட்டிவைப்பது, கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுப்பது, சுண்ணாம்புப் பற்றுப் போடுவது எல்லாம் கூடுதல் தொல்லை.

மேல் பல்லும் கண் பயமும்

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று சொல்லாத கிராமம் இல்லை. படித்தவர்கள்கூடத் தயங்குகிறார்கள். பார்வைக்கு உரிய நரம்பு மூளையிலிருந்து தனியாக வருகிறது; பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குறைவதில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பல்லும் விழுகிறது, கண்ணும் மங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம்.

இந்தப் பயம் எனக்கு வேடிக்கையாகவும் கோபமாகவும் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. எடுக்காமல் விட்ட மேல் பல்தான் கண்ணுக்கு ஆபத்து. மேல் கோரைப்பல் சீழ் வைத்தால் மூக்கோரம் வீங்கிக் கண் இமைவரை ஏறும். முகத்து நாளங்கள் வழியாகக் கிருமி கண்ணுக்குப் பின்னால் மூளையை ஒட்டிய ரத்தக் குழிவரை போவதற்கு வழி இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் இமை மூடிக்கொள்வது, இரட்டையாகத் தெரிவது, கண் பிதுங்குவது, கடும் தலைவலி என்று வந்துவிட்டால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

மேல் கடைவாய்ப் பல்லின் தொல்லை சைனஸில் நுழைந்து, ஒரே பக்க மூக்கில் நாற்றமடிக்கும் சளியாக வருவதும் உண்டு. ஆவி பிடித்தே மாதங்களை ஓட்டுவார்கள்.

பொன்னுக்கு வீங்கியா, பல்லா?

பிள்ளைகளின் தாடை வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசிக் காத்திருப்பது வழக்கம். பொன்னுக்கு வீங்கி காதுக்கு முன்னும் கீழும் வீங்கும். காது மடலைச் சற்றுத் தூக்கிக் காட்டும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். பல்லால் வரும் வீக்கம் கன்னத்தின் கீழ்ப்பாதியிலோ தாடை ஓரத்திலோ ஒரு பக்கமாக இருக்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சொத்தையோ சிவந்த ஈறோ தென்படும். கழுத்தில் நெறி கட்டியிருக்கும். சந்தேகமிருந்தால் காட்டிவிடுங்கள். பால் பல்தானே, விழப்போகிறது என்று விடுவதும் சரியில்லை. அதன் அடியில் சீழ் வைத்தால் முளைக்கப்போகும் நிரந்தரப் பல்லும் பழுதாகலாம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

பல்வலியால் உயிர் போகுமா என்று கேட்பவர்கள் 1836-ஐ நினைத்துக்கொள்ளலாம். வில்ஹெல்ம் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர், தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டைபோல் இறுகி வீங்கி மூச்சை அடைக்கும் ஒரு நோயை அந்த ஆண்டு விவரித்தார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தொடங்குவது கீழ்க் கடைவாயின் இரண்டாம், மூன்றாம் பல்லில். அவற்றின் வேர் நுனி வாயின் தரைத்தசைக்குக் கீழே இருப்பதால் சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது. இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், நேரத்தோடு போனால்.

பார்க்க வேண்டியது இவை. தாடைக்கடியில் வீக்கம் மணிக்கு மணி பரவுகிறதா? நாக்கு மேலே தூக்கிக்கொண்டதா? எச்சிலை விழுங்க முடியாமல் வடிகிறதா? வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறிவிட்டதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. மாத்திரை விழுங்கவைக்கிறேன் பேர்வழி என்று படுக்கவைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள்.

சொந்தமாகச் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று: உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிகிறதா? முந்தாநாள் நுழைந்தது, இன்று ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் தொற்று மெல்லும் தசைவரை போய்விட்டது. குளிர் காய்ச்சல், முகவீக்கம், வாய் திறக்காமை மூன்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

வெற்றிலை சீவல் வழக்கமாகப் போடுபவர்கள் இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாக்கினால் வாயின் உட்சவ்வு நாராக இறுகி, ஆண்டுக்கணக்கில் மெதுவாக வாய் சுருங்கும். அது வேறு நோய், புற்றுக்கு முன்னோடி. வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டியது. இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணும் அப்படித்தான். நடவு வயலில் சுருக்குப்பையோடு நிற்கும் பெண்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள்

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை கூடினால் தொற்று பரவும், தொற்று பரவினால் சர்க்கரை கூடும். இவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சீழ் வைத்திருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். எனவே சிறிய ஈறு வீக்கத்தைக்கூட இவர்கள் ஒருநாளும் பொறுக்கக் கூடாது. 'சுகர் இருக்கு, பல்லைப் பிடுங்கக் கூடாது' என்பதும் தவறு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து எடுக்கலாம். அவசரமென்றால் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டு எடுப்பார்கள்.

எங்கே போவது, எதைக் கேட்பது

பல வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் மருத்துவர் உண்டு. வீக்கம் பரவியிருந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகிலிருப்பவர்களுக்குத் திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளோதான் ஏற்றவை. புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

தனியாரிடம் போனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். 2022, 2023-ல் வட தமிழக மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போனவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். திறந்துவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்திய சலைன் பாட்டிலில் கிருமி புகுந்திருந்ததாக வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பங்கேற்ற ஆய்வு 2025-ல் சொன்னது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. நெல் வயல் அதற்கு நல்ல வீடு. இதைக் கேட்டுப் பல் மருத்துவரிடமே போகாமல் இருந்துவிட்டால் அது பெரிய தப்பு. கருவிகளைச் சுத்திகரித்த உறையிலிருந்து எடுக்கிறார்களா, ஊசியும் கையுறையும் புதிதா, வாய் கழுவும் சலைன் அப்போது திறந்ததா என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போகும்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, சர்க்கரை நோட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், இதய வால்வு மாற்றியிருந்தால், கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீழ் இருக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால் சில நேரம் மருந்து கொடுத்து, 'வீக்கம் வடிந்ததும் வாருங்கள்' என்று தேதி போட்டு அனுப்புவார்கள். வீக்கம் வடியும், வலி போகும், பலர் அந்தத் தேதிக்குப் போவதே இல்லை. அன்றைக்கு நடவு ஆள் வரும் நாளாக இருந்தால், சீட்டு வாங்கும்போதே சொல்லி வேறு நாள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.