மூன்று கொலைகள், ஒரு நாட்டின் பயம்: செய்தி நம் மனத்தில் என்ன செய்கிறது?

மாணவர்களே, முதலில் ஒரு சிறு கேள்வி. ஆங்கிலத்தில் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அதிகமா? அல்லது ‘கே’ மூன்றாவது எழுத்தாக வரும் சொற்கள் அதிகமா? பத்து விநாடிக்குள் விடை சொல்லுங்கள்.

பெரும்பாலோர் “தொடங்கும் சொற்கள்தான் அதிகம்” என்பார்கள். கிங், கைட், கிச்சன் என்று அவை வரிசையாக நினைவுக்கு வருகின்றன. உண்மையில், வழக்கமான ஆங்கில உரைநடையில் ‘கே’ மூன்றாவது எழுத்தாக வரும் சொற்களே அதிகம். மேக், டேக், லைக், ஆஸ்க் ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். 1973ஆம் ஆண்டில் ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். எது எளிதில் நினைவுக்கு வருகிறதோ அதுவே அதிகமாக நடக்கிறது என்று நம் மூளை முடிவு செய்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

எழுத்துக் கணக்கில் இந்தத் தவறு நேர்ந்தால் நட்டமில்லை. துப்பாக்கிச் சூட்டுச் செய்தியில் நேர்ந்தால் என்ன ஆகும்? அதைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் போதும்.

சுங்கை சிப்புட், 16 ஜூன் 1948

அன்று காலை, சுங்கை சிப்புட் அருகே எல்பில் ரப்பர் தோட்டத்தின் நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் சைக்கிளில் வந்தவர்கள். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஜான் அலிசன் என்ற நிர்வாகியும், 21 வயதே ஆன அவருடைய உதவியாளர் இயான் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கம்யூனிஸ்டு ஆயுதக் குழுவினர்.

மறுநாள் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் ஒரு தலையங்கம் வெளியிட்டது. ‘ஆட்சி செய்யுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள்’ என்பது அதன் தலைப்பு. அது ஆங்கிலேய உயர் ஆணையர் சர் எட்வர்டு ஜென்டை நோக்கி எழுதப்பட்டது. கொலை நடந்த நாளிலேயே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. ஜூன் 18ஆம் நாள் அது மலாயா முழுவதற்கும் விரிந்தது. அந்த அவசரகாலம் 12 ஆண்டுகள் நீடித்து, 31 ஜூலை 1960இல்தான் முடிந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவசரகாலத்திற்கு ஒரு தலையங்கம் மட்டுமே காரணமன்று. வேலைநிறுத்தங்கள், தொழிற்சங்கங்கள் மீதான கெடுபிடி, அதற்கு முந்தைய வாரங்களில் நடந்த வேறு கொலைகள் எல்லாம் அதற்குப் பின்னணி. ஆனால் நாட்டின் நினைவில் நின்றவை இந்த மூன்று கொலைகளே. அந்த 12 ஆண்டுகளில் 2,400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள்; பால்வெட்டுத் தொழிலாளர்களும் கங்காணிகளும் அவர்களில் உண்டு. வரலாற்று நூல்களில் நமக்குப் பெயர் தெரிவதோ அந்த மூவரைப் போன்ற சிலரைத்தான். எதைச் செய்தி திரும்பத் திரும்பச் சொல்கிறதோ அதுவே நினைவாகிறது.

நூறு மடங்கும் மூன்று மடங்கும்

பயம் இப்படி வளர்வதை அளந்து பார்க்க முடியுமா? முடியும். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் இரண்டு நாளிதழ்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, எந்த வகை மரணம் பற்றி எத்தனை செய்தி வந்தது என்று எண்ணினார்கள். அந்நாட்டில் நோயால் இறந்தவர்கள், கொலையால் இறந்தவர்களைப் போலச் சுமார் 100 மடங்கு. நாளிதழ்களிலோ கொலைச் செய்திகள், நோய் பற்றிய எல்லாச் செய்திகளையும்விடச் சுமார் 3 மடங்கு!

இன்னொரு ஆய்வில், சூறாவளி அதிகம் பேரைக் கொல்கிறதா, ஆஸ்துமா அதிகம் பேரைக் கொல்கிறதா என்று கேட்டார்கள். பலர் சூறாவளி என்றார்கள். அப்போது ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சூறாவளியால் இறந்தவர்களைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. சூறாவளிக்குப் படம் உண்டு, சத்தம் உண்டு. மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுத் திணறி இறப்பவரை யாரும் படம் பிடிப்பதில்லை.

நம் நாட்டையே பாருங்கள். மலேசியச் சாலைகளில் ஓராண்டில் 6,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பொது இடத்தில் பலரை ஒருவர் சுடும் சம்பவமோ இங்கு மிக அரிது. துப்பாக்கி வைத்திருக்க இந்நாட்டில் கடுமையான சட்டம் உண்டு. ஆனாலும் எங்கோ ஒரு நாட்டில் பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்ற காணொளி வந்த மறுநாள், பேரங்காடிக்குப் போகத் தயங்குவோம். அதே மாலையில் தலைக்கவசம் இல்லாமல் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவோம்.

பயமும் ஆளைக் கொல்லும்

தவறான இடத்தில் பயந்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் பயணம் செய்தார்கள். சாலைப் பயணம் விமானப் பயணத்தைவிட ஆபத்து மிகுந்தது. அடுத்த 12 மாதங்களில் இதனால் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தனர் என்று ஜெர்மானிய உளவியல் அறிஞர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். தாக்குதல் நடத்தியவர்கள் அந்த 1,500 பேரைத் தொடவில்லை. பயம் அவர்களைச் சாலைக்கு அனுப்பியது.

பயத்திற்கு இன்னொரு விலையும் உண்டு. பயந்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. 1948 டிசம்பரில், சிலாங்கூர் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதம் ஏதுமில்லாத 24 பேரை ஆங்கிலேய இராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். ‘கொள்ளைக்காரர்கள் தப்பியோடும்போது சுடப்பட்டனர்’ என்று அதிகாரிகள் சொன்னார்கள். பாதுகாப்புப் படையின் வெற்றி என்று செய்தி வந்தது. ஆறு மாதமாகக் கொலைச் செய்திகளையே படித்து வந்தவர்களுக்கு அது நம்பக்கூடியதாகவே இருந்திருக்கும்.

உண்மை எப்படி வெளிவந்தது தெரியுமா? 1970 பிப்ரவரியில் ‘தி பீப்பிள்’ என்ற ஆங்கிலேய ஞாயிறு இதழ், அந்தப் படையில் இருந்த சிலரின் வாக்குமூலத்தை வெளியிட்டது. 21 ஆண்டுகள் கழித்து ஒரு செய்தித்தாள், பழைய செய்தி பொய் என்று காட்டியது. இறந்தவர்களின் குடும்பத்தார் கேட்ட பொது விசாரணையை 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் நடந்தது என்ன என்பதை இன்று யாரும் மறைக்க முடியாது.

ஆகவே, செய்தியே வேண்டாம் என்பது விடையன்று. செய்தி எப்படிச் சொல்லப்படுகிறது என்பதே கேள்வி.

தொற்றுநோய் போலப் பரவுமா?

இப்போது இன்னும் கடினமான கேள்விக்கு வருவோம். ஒரு துப்பாக்கிச் சூட்டுச் செய்தி இன்னொரு துப்பாக்கிச் சூட்டை உண்டாக்குமா?

2015இல் ஷெரி டவர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தொற்றுநோய் பரவுவதைக் கணக்கிடும் கணித முறையை அமெரிக்கத் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் கொல்லப்பட்ட ஒரு சம்பவத்திற்குப் பிறகு, சுமார் 13 நாள் வரை இன்னொரு சம்பவம் நடக்கும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது.

இதில் நுட்பமான பகுதி இனித்தான் வருகிறது. மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சுடப்பட்டும் அதிகம் பேர் இறக்காத சம்பவங்களில் இத்தகைய தொடர்ச்சி தென்படவில்லை. அவை உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுபவை. நாடு முழுவதும் பேசப்பட்டவற்றுக்குப் பிறகே தொடர்ச்சி தெரிந்தது. அதனால்தான் செய்தியின் மேல் சந்தேகம் விழுகிறது. ஆனால் இது புள்ளிவிவரம் காட்டும் தொடர்பு. சோதனைக்கூடத்தில் மெய்ப்பித்த காரணம் அன்று. செய்தி பார்த்தவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் ஆவதில்லை. ஏற்கெனவே வெறுப்பிலும் விரக்தியிலும் ஊறி, கையில் துப்பாக்கியும் கிடைத்த மிகச் சிலருக்கே அது ஒரு முன்மாதிரி ஆகிறது. துப்பாக்கி எளிதில் கிடைக்காத நாட்டில் இந்தத் தொற்றுக்கு வழி குறைவு.

2019 மார்ச் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் மலேசியர் ஒருவரும் இருந்தார். கொலைகாரன் அதை முகநூலில் நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் அதன் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக முகநூல் நிறுவனம் சொன்னது. அவற்றைப் பதிவேற்ற முயன்றவர்களில் சாதாரண மனிதர்களும் உண்டு. மூன்றாண்டு கழித்து, 2022 மே மாதம், அமெரிக்காவின் பஃபலோ நகரக் கடையொன்றில் 10 பேரைக் கொன்றவன், கிறைஸ்ட்சர்ச் கொலைகாரனைத் தன் முன்மாதிரியாகக் குறிப்பிட்டிருந்தான். அவனும் நேரலை செய்தான்.

கிறைஸ்ட்சர்ச் சம்பவத்தின் நான்காம் நாள், நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் ஒரு முடிவைச் சொன்னார். கொலைகாரனின் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை. இறந்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். புகழ் தேடிக் கொல்பவனுக்குப் புகழைக் கொடுக்காதே என்பதே இதன் பொருள். இந்தக் கட்டுரையிலும் கொலைகாரர்களின் பெயர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

மும்பை தந்த பாடம்

நேரலைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2008 நவம்பர் 26 முதல் மும்பையில் நடந்த தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். ஹெலிகாப்டரிலிருந்து கயிறு கட்டி வீரர்கள் கட்டடத்தில் இறங்குவதைத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டின. தாக்குதலை எல்லைக்கு அப்பாலிருந்து இயக்கியவர்கள் அதே காட்சியைப் பார்த்து, உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார்கள். 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் தொலைக்காட்சிகளைக் கண்டித்தது. 2015இல் விதி மாறியது. இப்போது இந்தியாவில் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை அதை நேரலையாகக் காட்டக் கூடாது. அதிகாரி ஒருவர் அவ்வப்போது தரும் தகவலை மட்டும் சொல்லலாம்.

நீங்களும் ஒரு செய்தி நிலையம்தான்

1948இல் செய்தியைப் பரப்பத் தேவைப்பட்டது அச்சகம். இன்று உங்கள் கைப்பேசி போதும். ஆகவே செய்தியாளருக்குச் சொல்லும் விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

புலனத்தில் “எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கிச் சூடு, எல்லாருக்கும் அனுப்பவும்” என்று வந்தால் முதலில் நிறுத்துங்கள். யார் சொன்னது, எப்போது, எங்கே என்று பாருங்கள். காவல் துறையின் அறிவிப்பு உண்டா என்று தேடுங்கள். வதந்திகளைச் சரிபார்க்க மலேசியாவில் 2017 முதல் ‘செபெனார்ஞா’ என்ற அகப்பக்கமும் இயங்குகிறது. உண்மையென்று தெரிந்தாலும், காயம்பட்டவரின் படத்தையும் தாக்கியவனின் காணொளியையும் அனுப்பாதீர்கள். ஆனால் பள்ளியில் யாராவது ஆயுதம் பற்றியோ பிறரைத் தாக்குவது பற்றியோ பேசினால், அதை வேடிக்கையாகப் பகிராமல் உடனே ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

செய்து பாருங்கள்

ஒரு வாரத்திற்கு வீட்டிற்கு வரும் நாளிதழின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கொலை, சாலை விபத்து, நோய். ஒவ்வொன்றுக்கும் எத்தனை செய்தி என்று கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு வீட்டில் உள்ளவர்களிடம், இம்மூன்றில் எது மலேசியாவில் அதிகம் பேரைக் கொல்கிறது என்று கேளுங்கள். அவர்கள் பதில் உண்மைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா, முதல் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று வகுப்பில் ஒப்பிடுங்கள்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பால்மரங்கள் நின்ற நிலத்தில் இன்று பல இடங்களில் செம்பனை நிற்கிறது. அவசரகாலத்தில் முள்கம்பி வேலிக்குள் அடைபட்ட லயங்களும் போய்விட்டன. அந்தக் காலத்தைக் கண்ட தாத்தாவோ பாட்டியோ உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “அப்போது என்னென்ன செய்தி காதில் விழுந்தது? அதில் எதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள்?” இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.