மலைப்பள்ளிக்குப் பொறுப்பேற்பவர் யார்?

வெள்ளிமலைப் புளியும் கடுக்காயும் தேனும் நம் கடைகளுக்கு வருகின்றன. அவற்றைச் சேகரித்துத் தரும் மலைவாழ் மக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைப் பற்றி வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்வது நல்லது.

கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. இவற்றை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை அன்று. பழங்குடியினர் நலத் துறை. இவ்வாறு பிற துறைகள் நடத்தும் பள்ளிகள் யாவும், தரம் உயர்வதற்காகப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. ஆசிரியர்களின் பணிப்பயன்கள் பாதுகாக்கப்படும் என்றும் கூறியது. எதிர்ப்பும் எழுந்தது. கடை கைமாறும்போது பழைய பாக்கி யார் பொறுப்பு என்று நாம் முதலிலேயே எழுதிக்கொள்வோம். விடுதிச் சாப்பாடு, கட்டடப் பழுது, காலிப் பணியிடம் ஆகியவற்றுக்கும் அப்படி எழுத்து வேண்டாமா?

நன்கொடை வழியும் மாறியுள்ளது. 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மளிகைக் கடைக்காரரை அது கட்டுப்படுத்தாது; ஆனாலும் இத்திட்டத்தில் எவரும் கொடுக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு கோடை ஓடின. பிறகு பழுது பார்க்க ஆளில்லை. கேட்டால், கொடுத்தவர்களே பார்க்கட்டும் என்றார்கள். நமக்கும் கோபம்தான், ஆனால் கொடுக்கும்போது நாமும் அதைக் கேட்கவில்லையே! இனி எது கொடுத்தாலும், பராமரிப்புச் செலவு யாருடையது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் எழுதச் செய்து, அதன் நகலை வாங்கிக்கொண்ட பிறகே கொடுப்பதென்று இருக்கிறோம்.