கல்யாண மண்டபத்து டி.ஜே.

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதன் மேல் ஏற்றி, ஆடுகிறவர்களின் கால் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் டி.ஜே.யின் வேலை. 1960களின் இறுதியில் நியூயார்க்கின் நடன விடுதி ஒன்றில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இரண்டு இசைத்தட்டுகளின் வேகத்தைச் சமமாக்கி, ஒன்றோடு ஒன்றை இழைத்து ஓட்டினார். அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த ஒரு விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க், பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார். ஹிப் ஹாப் இசையின் பிறந்த நாள் என்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். 1972இல் ஜப்பானில் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 தட்டுச் சுழற்றி, விரலால் நிறுத்தினாலும் விட்டவுடன் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டதால் இந்தத் தொழிலின் அடிப்படைக் கருவியாகிவிட்டது. 2001இல் பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே.-1000 அதே விரல் வித்தையைக் குறுந்தட்டுக்கும் கொண்டுவந்தது. இன்று பாட்டுகள் பென் டிரைவிலும் லேப்டாப்பிலும் இருக்கின்றன. கைவேலை மட்டும் பழையதுதான்.

காவிரியின் வடகரையில், திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் இருக்கும் முசிறி போன்ற ஊரில் இரவு விடுதி கிடையாது. இங்கே டி.ஜே.யின் மேடை கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை நடக்கும் ரிசப்ஷன், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்லூரி ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று வருடம் ஓடுகிறது. இந்த இடங்களில் எல்லாம் டி.ஜே.க்கு முன்னால் இருந்தவர் மைக் செட்காரர். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடிவதற்கு முன் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து, முகூர்த்த நேரத்துக்கு ஒன்று, பந்தி நேரத்துக்கு ஒன்று என்று தட்டு மாற்றிய அவருக்கு எந்த வேளையில் எந்தப் பாட்டு பொருந்தும் என்பது மனப்பாடம். முசிறி என்ற பெயர் இசை கேட்கும் வீடுகளில் பரவியதிலும் தட்டுக்குப் பங்கு உண்டு. கர்நாடக இசைப் பாடகர் முசிறி சுப்பிரமணிய அய்யரின் (1899–1975) இசைத்தட்டுகள் அவர் கச்சேரி செய்யாத ஊர்களிலும் ஒலித்தன. பாட்டைப் பாட்டோடு இழைக்கும் கைத்திறன் நியூயார்க்கிலிருந்து வந்தது. கூட்டத்தின் மனநிலை அறிந்து பாட்டு எடுக்கும் அறிவு மைக் செட்காரரிடம் ஏற்கெனவே இருந்தது. தமிழ்நாட்டில் நல்ல டி.ஜே. ஆக விரும்புகிறவருக்கு இரண்டுமே வேண்டும். இணையப் பாடங்கள் கற்றுத்தருவது முதலாவதை மட்டும்தான்.

பழகத் தொடங்க ஒரு லேப்டாப், ஒரு சிறிய கன்ட்ரோலர், காதை நன்றாக மூடும் ஹெட்போன் போதும். கன்ட்ரோலரில் இடமும் வலமும் இரண்டு டெக்; நடுவில் மிக்ஸர். ஒவ்வொரு டெக்கிலும் பாட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வட்டத் தட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர், குறித்து வைத்த இடத்துக்குத் தாவும் க்யூ பட்டன்கள் இருக்கும். மிக்ஸரில் பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமன் செய்ய கெய்ன், கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே குறைக்க மூன்று ஈக்யூ குமிழ்கள், கடைசியில் ஃபேடர். ஹெட்போன் எதற்கென்றால், கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த பாட்டை டி.ஜே. மட்டும் கேட்டுத் தயார் செய்வதற்கு. மென்பொருளுக்குக் கையில் காசில்லாதவர்கள் மிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு. முதல் வருடத்தில் விலை உயர்ந்த கருவிக்குக் கடன் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

முதலில் பழக வேண்டியது எண்ணுவது. நடனப் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு அடி கொண்ட ஆவர்த்தமாக ஓடும். அப்படி எட்டு ஆவர்த்தம், அதாவது முப்பத்திரண்டு அடி முடியும் இடத்தில் பாட்டில் ஏதாவது ஒன்று மாறும்: குரல் நுழையும், தாளம் விலகும், வேறு வாத்தியம் சேரும். புதிய பாட்டின் முதல் அடியை அந்த இடத்தில் வைத்தால் காதுக்கு உறுத்தாது. நடுவில் வைத்தால் வேகம் சரியாக இருந்தாலும் ஏதோ இடறியதுபோல் இருக்கும். அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டை 126 அடி ஓடும் பாட்டோடு சேர்க்க, பிட்ச் ஸ்லைடரை ஐந்து சதவீதம் ஏற்ற வேண்டும். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். ஆறு சதவீதத்தில் ஏறக்குறைய அரை ஸ்வரம் உயர்ந்துவிடும். தெரிந்த பாடகரின் குரல் கீச்சென்று மாறாமல் இருக்க, சுருதியைப் பூட்டி வைக்கும் பட்டன் இருக்கிறது.

சிங்க் பட்டனை அழுத்தினால் மென்பொருளே வேகத்தைச் சேர்த்துவிடும் என்று பலர் காதைப் பழக்குவதில்லை. தமிழ்ப் பாட்டில் இந்தக் குறுக்குவழி கைவிட்டுவிடும். 1980களின் நடுப்பகுதி வரை சினிமாப் பாட்டுகள் வாத்தியக் குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவானவை. தபலாக்காரரின் கை சரணத்தில் சற்று வேகமெடுக்கும், பல்லவிக்குத் திரும்பும்போது இறங்கும். அந்த உயிரோட்டம்தான் பாட்டின் அழகு. கணினியில் தாளம் அமைக்கும் முறை பரவிய பிறகு, குறிப்பாக 1992இல் 'ரோஜா' வந்ததை அடுத்த ஆண்டுகளில், வேகம் மாறாத பாட்டுகள் பெருகின. எம்.எஸ்.வி. பாட்டிலிருந்து புதுப் பாட்டுக்குத் தாவுகிறவர் திரையில் தெரியும் கட்டங்களை நம்பினால் பத்தே வினாடியில் இரண்டு தாளமும் மோதிக்கொள்ளும். காதால் கேட்டு, விரலால் தட்டை லேசாக முன்தள்ளியோ பிடித்தோ சேர்க்கத் தெரிந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் குத்துப் பாட்டு. உலகம் முழுக்க டி.ஜே. பாடங்கள் சதுஸ்ர நடையை, அதாவது ஒவ்வொரு அடியும் நான்காகப் பிரியும் தாளத்தை வைத்தே எழுதப்பட்டவை. தமிழ்க் குத்தில் பெரும்பகுதி திஸ்ரம். அடி மூன்றாகப் பிரியும். நிமிடத்துக்கு 100 அடி ஓடும் திஸ்ரப் பாட்டை மென்பொருள் சில சமயம் 150 என்று காட்டும், ஏனென்றால் அது மூன்று மூன்றாக எண்ண வேண்டியதை இரண்டிரண்டாக எண்ணிவிடுகிறது. ஆகவே பாட்டுகளைச் சேர்த்தவுடன் ஒவ்வொன்றுக்கும் கைதட்டி எண்ணிப் பார்த்து, தப்பான எண்ணைத் திருத்தி வைக்க வேண்டும்.

128இல் ஓடும் சதுஸ்ரப் பாட்டிலிருந்து 132இல் ஓடும் குத்துக்குப் போவதை எடுத்துக்கொள்ளலாம். குத்துப் பாட்டின் வேகத்தை மூன்று சதவீதம் இறக்கினால் இரண்டின் அடியும் சேரும். ஆனால் அடிக்குள் ஒன்று நான்காகவும் மற்றது மூன்றாகவும் பிரிவதால், மேலே ஒலிக்கும் சிம்பலும் ஷேக்கரும் ஒன்றையொன்று கிழிக்கும். அதனால் ஓடுகிற பாட்டின் மேல் ஒலியை முதலில் முழுவதும் இறக்கிவிட வேண்டும். இப்போது அதில் கேட்பது குரலும் கீழ் அடியும் மட்டும். பல்லவியின் கடைசி வரி தொடங்கும் முதல் அடியில், கீழ் ஒலி மூடிய நிலையில் குத்துப் பாட்டை டி.ஜே. விடுகிறார். மேளத்தின் மேல்தட்டு மட்டும் மெல்ல நுழைகிறது. எட்டு அடி கழித்து, இடது கை பழைய பாட்டின் பேஸைத் திருகி மூடும் அதே நொடியில் வலது கை புதிய பாட்டின் பேஸைத் திறக்கிறது. அடுத்த எட்டு அடியில் பழைய பாட்டு எதிரொலியோடு கரைந்துபோகிறது. மொத்தம் பதினாறு அடி, ஏழரை வினாடி. இந்த ஏழரை வினாடி சரியாக வர வாரக்கணக்கில் பழக வேண்டியிருக்கும். வராவிட்டால் கூட்டிச் சேர்க்காமல், ஒரு பாட்டை நிறுத்தி, பட வசனம் ஒன்றைப் போட்டு, அடுத்ததை நேராகத் தொடங்குவதும் மரியாதையான வழிதான். தமிழ்க் கூட்டம் அந்த வசனத்துக்கே கைதட்டும். பழகும்போது முழு செட்டையும் பதிவு செய்து மறுநாள் கேட்பது நல்லது. கை வேலையாக இருக்கும்போது காது தன் தவறை மன்னித்துவிடுகிறது.

பாட்டுச் சேகரிப்பில் கஞ்சத்தனம் கூடாது. 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3யில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். செல்போனில் தெரியாது, பெரிய ஸ்பீக்கரில் பாட்டு மழுங்கிக் கேட்கும். 320 அல்லது அதற்கு மேல் தரமுள்ளதை விலை கொடுத்து வாங்குவதே சரி. ஒவ்வொரு பாட்டிலும் தாளம் தொடங்கும் இடம், குரல் நுழையும் இடம், இடையிசை, வெளியேறத் தோதான இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஆடும் நேரத்தில் பல்லவியும் ஒரு சரணமும் போதும். பாட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு அறுபது பாட்டு. கையில் அதைப்போல் இரண்டு மடங்கு தயாராக இருந்தால்தான் கூட்டத்துக்கு ஏற்ப மாற்ற முடியும்.

அடுத்தது மண்டபம். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் மண்டபம் காலியாக இருக்கும்போது கிணற்றுக்குள் பேசியதுபோல் முழங்கும். ஆட்கள் நிறைந்ததும் முழக்கம் தணியும். அதனால் மதியம் செக் செய்து வைத்த ஈக்யூவை மாலையில் மறுபடி பார்க்க வேண்டும். ஸ்பீக்கர், ஆம்ப், லைட் எல்லாம் பெரும்பாலும் சவுண்ட் சர்வீஸ்காரருடையது. அவரிடம் முன்கூட்டியே பேசி, மிக்ஸரில் எந்த ஒயர் நுழையும் என்று கேட்டு, அந்த ஒயரில் இரண்டு கொண்டுபோக வேண்டும். ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்து முதலில் ஆஃப் செய்தால் 'டும்' என்ற அதிர்ச்சி ஒலி வராது. லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்டால் எர்த் கோளாறு. இடையில் ஒரு டி.ஐ. பாக்ஸ் போட்டால் அடங்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில், யு.எஸ்.பி. வழியே மின்சாரம் எடுக்கும் கன்ட்ரோலர் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்டரை இறக்கி வைத்து, ஸ்பீக்கர் உயிர் பெற்றதும் மெல்ல ஏற்றலாம். லேப்டாப்பில் இணையத்தையும் தானியங்கி அப்டேட்டையும் அணைப்பது, பாட்டுகளை இன்னொரு பென் டிரைவில் வைத்திருப்பது ஆகியவை முதல் மேடைக்கு முந்தைய இரவின் வேலை.

முதல் மேடை தனியாக வராமல் இருப்பது நல்லது. அனுபவமுள்ள ஒருவருக்கு ஒயர் சுருட்டிக் கூட நின்று, ஆரம்ப நேரத்தை மட்டும் வாங்கி வாசிப்பது நடைமுறை. அந்த நேரம் சாதாரணமானதல்ல. ஆறரை மணிக்கு விருந்தினர் வந்துகொண்டிருப்பார்கள். மேடையில் போட்டோவுக்கு வரிசை. பாதிப் பேர் முதல் பந்திக்கு இறங்கியிருப்பார்கள். அப்போது வேண்டியது பேச்சுக்கு இடம் விடும் மெல்லிசை. பெரிய குத்தெல்லாம் அப்போதே போட்டுத் தீர்த்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கூட்டம் ஆட வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு. நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும்போது மாஸ்டர் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். காதணி விழா என்றால் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வாசலில் நுழையும் கணம்தான் உச்சம். அதற்கான பாட்டு எது என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு, முதல் க்யூவில் வைத்திருக்க வேண்டும். "அண்ணா, எங்க தலைவர் பாட்டு ஒண்ணு போடுங்கண்ணா" என்று இளைஞர்கள் வந்து நிற்பார்கள். நடிகர் பாட்டு என்றால் சேர்க்கலாம். சாதிப் பெருமை பேசும் பாட்டு, கட்சிப் பாட்டு என்றால், கேட்பவர் யாராக இருந்தாலும் மறுக்க வேண்டும். ஒரு பாட்டால் கைகலப்பில் முடிந்த விழாக்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருவிழா நிகழ்ச்சிகளுக்கு உயர் நீதிமன்றம் அனுமதி தரும்போது விதிக்கும் நிபந்தனைகளில் இத்தகைய பாட்டுகள் கூடாது என்பதும் ஒன்று. அட்வான்ஸ் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுபவருக்கு மேடையில் வாக்குவாதம் வராது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். காது விஷயத்தில் டி.ஜே. தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில்நலக் கணக்கு. மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பேஸ் ஸ்பீக்கர் முன்னால் குழந்தைகள் நிற்காமல் ஒரு கயிறு கட்டச் சொல்வது சிறிய வேலை. செய்ய மறக்கக் கூடாதது.

பாட்டின் உரிமை பற்றிப் புதியவர்களிடம் குழப்பம் அதிகம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில் மதச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசு பொது அறிவிப்பு வெளியிட்டு இதை மறுபடி தெளிவுபடுத்தியது. கல்லூரி விழா, ஓட்டல் புத்தாண்டு நிகழ்ச்சி போன்றவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது. அங்கே ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற உரிமை அமைப்புகளிடம் உரிமம் தேவைப்படும். அதை வாங்கிக் கட்டணம் செலுத்துவது விழா நடத்துபவரா, டி.ஜே.யா என்பதைத் தேதியும் நேரமும் எழுதும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.