மாஸ்கோவில் மடங்கிய முழங்கை

உயரம் தாண்டியவர்கள் – 7

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கின் கோலூன்றித் தாண்டுதலில் போலந்தின் ததேயுஷ் ஷ்லுசார்ஸ்கி 5.50 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே இறுதிப் போட்டியில் இன்னொரு போலந்துக்காரரும் இருந்தார். காயம்பட்ட காலோடு தாண்டி, 11ஆம் இடத்தோடு ஊர் திரும்பினார். வ்வாடிஸ்வாவ் கொசாகியேவிச் என்ற அந்த மனிதரின் முறை இந்த வாரம்.

1953 டிசம்பரில் வில்னியஸ் அருகே சால்சினின்கை என்ற சிற்றூரில் பிறந்தவர். போருக்கு முன் அந்த வட்டாரம் போலந்தின் கையில் இருந்தது. போர் முடிந்தபோது அது சோவியத் லிதுவேனியாவுக்குள் போய்விட்டது. அங்கே வாழ்ந்த போலந்துக் குடும்பங்கள் பல மூட்டை முடிச்சோடு மேற்கே கிளம்பின. கொசாகியேவிச் குடும்பமும் அப்படித்தான் பால்டிக் கடலோரத் துறைமுக நகரமான கிடீனியாவுக்கு வந்து சேர்ந்தது. 1970 டிசம்பரில் அந்த ஊரில், விலைவாசி உயர்வை எதிர்த்த கப்பல் கட்டும் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. அப்போது அவருக்கு 17 வயது. பின்னால் வரப்போகும் கதைக்கு இந்த இரண்டு செய்திகளும் வேண்டும்.

1974இல் ரோமில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. 1977, 1979 ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டிகளில் தங்கம். ஆள் எப்போதும் முன்வரிசையில்தான் இருந்தார், ஆனால் ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கைக்கு வரவில்லை. 1980 மே 11 அன்று மிலானில் 5.72 மீட்டர் தாண்டி, அமெரிக்கரான டேவிட் ராபர்ட்ஸ் நான்கு ஆண்டுகளாக வைத்திருந்த உலக சாதனையை முறியடித்தார். சந்தோஷம் மூன்றே வாரம்தான் நீடித்தது. ஜூன் 1 அன்று பிரான்சின் தியரி வின்யரோன் 5.75 தாண்டினார். ஜூலை 17 அன்று இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஃபிலிப் ஊவியோன் அதை 5.77 ஆக்கினார். மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்க அப்போது இரண்டே நாள்.

ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. அதனால் அங்கே வென்ற பதக்கங்களை அரைப் பதக்கம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. கோலூன்றித் தாண்டுதலில் அந்தப் பேச்சு அவ்வளவாக எடுபடாது. சாதனையைக் கைமாற்றிக் கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இருவரும் வந்திருந்தார்கள். நடப்புச் சாம்பியன் ஷ்லுசார்ஸ்கி வந்திருந்தார். உள்ளூர் நம்பிக்கையாக 20 வயது கான்ஸ்தந்தின் வோல்கோவ் நின்றார்.

ஜூலை 30. முந்தைய நாள்தான் அதே நகரத்தில் நம் வி.பாஸ்கரன் தலைமையிலான இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியிருந்தது. லெனின் மத்திய அரங்கில் கோலூன்றித் தாண்டும் இறுதிப் போட்டி. வோல்கோவ் ஓடும்போது அரங்கம் ஆரவாரித்தது. மற்றவர்கள் ஓடும்போது விசில் பறந்தது. நம் ஊர்த் திரையரங்க விசில் வேறு; அந்தப் பக்கத்தில் விசிலடித்தால் அது அவமதிப்பு. அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொசாகியேவிச்.

இந்த விளையாட்டில் விசில் சும்மா காதோடு போகிற விஷயமில்லை. தாண்டுபவர் கிட்டத்தட்ட 40 மீட்டர் ஓடி வருகிறார். ஒவ்வோர் எட்டும் கணக்கு. கடைசி எட்டு குறித்த இடத்தில் விழுந்தால்தான் கோலின் நுனி 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழியில் சரியாகச் செருகும். ஒரு சாண் முன்னே பின்னே போனாலும் கோல் வளையாது. வளைந்தாலும் ஆளை வேறு பக்கம் தள்ளிவிடும். ஓடிய வேகம் முழுவதும் ஃபைபர் கிளாஸ் கோலின் வளைவுக்குள் போகிறது. கோல் நிமிரும்போது அந்த விசை ஆளைத் தலைகீழாக மேலே தூக்குகிறது. உச்சியில் உடலைத் திருப்பி, கையால் கோலைத் தள்ளிவிட்டு, மார்பும் முழங்கையும் படாமல் கம்பியைக் கடக்க வேண்டும். ஒரே உயரத்தில் மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. கோலைத் தூக்கியபடி ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்கும் அந்தச் சில நொடிகளில் மனம் ஒரு நிலையில் இருக்க வேண்டும். அந்த நொடிகளைப் பார்த்துத்தான் விசிலடித்தார்கள்.

வோல்கோவும் ஷ்லுசார்ஸ்கியும் 5.65இல் நின்றுவிட்டார்கள். ஊவியோனுக்குப் பதக்கமே இல்லை, நான்காம் இடம். அதற்கு மேல் ஏறிய கம்பிக்குக் கொசாகியேவிச் ஒருவர்தான் மிச்சம். வெற்றி கைக்கு வந்ததும் மெத்தையிலிருந்து எழுந்து, விசில் வந்த திசையைப் பார்த்து வலது கையை மடக்கி நிமிர்த்தினார்; இடது கையால் அதன் முழங்கை மடிப்பில் ஓங்கி அடித்தார். ஐரோப்பாவில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. கெட்ட வார்த்தையைக் கையால் சொல்வது அது. பிறகு 5.78ஐயும் தாண்டினார். உலக சாதனை. கோலூன்றித் தாண்டுதலில் ஒலிம்பிக் களத்திலேயே உலக சாதனை விழுந்து 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போட்டி முடிந்தது, பஞ்சாயத்து தொடங்கியது. போலந்துக்கான சோவியத் தூதர் போரிஸ் அரிஸ்தோவ், சோவியத் மக்களை அவமதித்தவரின் பதக்கத்தைப் பறிக்க வேண்டும் என்றார். மாஸ்கோவின் சொல்லைத் தட்ட முடியாத இடத்தில் இருந்தது வார்சா அரசு. தன் வீரனின் தங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. அவர்கள் கண்டுபிடித்த வழி அபாரமானது. அது சைகையே இல்லை, கடும் முயற்சியால் ஏற்பட்ட தசைப்பிடிப்பு என்று விளக்கம் கொடுத்தார்கள்! பதக்கம் பிழைத்தது.

போலந்து மக்கள் அதை நேரலையில் பார்த்திருந்தார்கள். தசைப்பிடிப்புக் கதையை யார் நம்புவார்? அந்த மாதம் அங்கே வெயிலைவிட மக்களின் கோபம் சூடாக இருந்தது. ஜூலை 1 முதல் இறைச்சி விலை உயர, ஊருக்கு ஊர் வேலைநிறுத்தம் பரவிக்கொண்டிருந்தது. கொசாகியேவிச் தாண்டிய 15ஆம் நாள், ஆகஸ்ட் 14 அன்று, கிடீனியாவின் பக்கத்து நகரமான கிடான்ஸ்கின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை நின்றது. அங்கிருந்து சாலிடாரிட்டி இயக்கம் எழுந்தது. அந்த முழங்கைதான் இதற்கெல்லாம் தொடக்கம் என்று சொன்னால் அது மிகை. வாய்விட்டுச் சொல்ல முடியாததை நம்மில் ஒருவன் மாஸ்கோவிலேயே சொல்லிவிட்டான் என்ற நிறைவு மட்டும் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்தச் சைகைக்கு இன்றுவரை போலந்தில் அவர் பெயர்தான்.

1980இல் காப்பாற்றிய அரசுக்கும் அவருக்கும் பின்னால் ஒத்துப்போகவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் அணியோடு சேர்ந்து போலந்தும் புறக்கணித்ததால், பட்டத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பும் போனது. 1985இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, அதன் சார்பிலும் தாண்டினார். பிறகு ஹனோவர் பக்கம் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. ஷ்லுசார்ஸ்கியின் முடிவு துயரமானது: 1998 ஆகஸ்டில், 1972 ஒலிம்பிக்கில் குண்டு எறிதலில் தங்கம் வென்ற வ்வாடிஸ்வாவ் கோமாரோடு காரில் போகையில் நடந்த விபத்தில் இருவருமே இறந்தார்கள்.

5.78 ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 1981 ஜூனில் வின்யரோன் 5.80 தாண்டினார். 1985இல் செர்கேய் புப்கா 6 மீட்டரைத் தொட்டார். கொசாகியேவிச் என்றதும் எல்லோருக்கும் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது, உயரம் வருவதில்லை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அன்று அவர் 5.65இல் மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்டு அதே கையைக் காட்டியிருந்தால், தோற்றவனின் ஆத்திரம் என்று உலகம் கைகழுவியிருக்கும்; தசைப்பிடிப்பு என்று சொல்லிக் காப்பாற்ற அரசும் வந்திருக்காது. விசிலுக்கு நடுவில் எட்டுக் கணக்குத் தப்பாமல் ஓடியதுதான் பதில். முழங்கை, அந்தப் பதிலுக்குக் கீழே போட்ட கையெழுத்து.

(தாண்டுவோம்)

அடுத்த வாரம்: 2009 பெர்லின் உலக சாம்பியன்ஷிப். இசின்பயேவா ஓர் உயரத்தைக்கூடத் தாண்டாமல் வெளியேறிய இரவில், தங்கம் வென்ற போலந்தின் அன்னா ரோகோவ்ஸ்கா.