ஏழு பட்டம் வென்றவருக்கும் வேலை நிரந்தரமில்லை!

ரக்பி லீக் ஒரு முரட்டு ஆட்டம். ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களில் அதற்கு ஏகப்பட்ட மவுசு. பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும். கூட்டாளிக்குக் கையால் வீசுவதானால் பின்பக்கமாகத்தான் வீசலாம். சடுகுடுவில் பாடி வருபவரை மடக்குவது போல எதிரணியினர் பாய்ந்து பிடித்துச் சாய்ப்பார்கள். ஆறு முறை பிடிபட்டால் பந்து கைமாறும்.

இந்த ஆட்டத்தில் பயிற்சியாளராகப் பெரும் புகழ் பெற்றவர் வேய்ன் பென்னெட். 1950 ஜனவரி 1-ந் தேதி குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 15 வயதில் படிப்பை நிறுத்திவிட்டுப் போலீசில் சேர்ந்தார் பென்னெட். உத்தியோகம் பார்த்துக்கொண்டே மாநில அணிக்கும் ஆடினார். பிறகு பயிற்சி அளிக்கத் தொடங்கினார்.

கேப்டன் பதவி பறிப்பு

1988-ல் பிரிஸ்பேன் நகரில் "பிராங்கோஸ்" என்ற புதிய அணி உதயமாயிற்று. அதன் முதல் பயிற்சியாளர் பென்னெட். கேப்டன் வாலி லூயிஸ். குயின்ஸ்லாந்து மக்கள் "மன்னர்" என்றே கொண்டாடிய வீரர் லூயிஸ். 1990 பந்தயங்களுக்கு முன்பு அந்த மன்னரிடமிருந்தே கேப்டன் பதவியைப் பறித்து, ஜீன் மைல்ஸிடம் கொடுத்தார் பென்னெட். ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் மசியவில்லை.

1992-ல் அணி முதல் பட்டத்தை வென்றது. அடுத்து 1993, 1997, 1998, 2000, 2006 என்று மொத்தம் ஆறு பட்டங்கள்!

கைவிட்டுப் போன வேலை

2008 முடிவில் பிராங்கோஸிலிருந்து விலகி, செயின்ட் ஜார்ஜ் இலவாரா அணிக்குப் போனார். 2010-ல் அதற்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அது அவருக்கு ஏழாவது.

2015-ல் பிராங்கோஸ் அவரை மறுபடி அழைத்துக்கொண்டது. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கை நழுவியது. 2018 டிசம்பரில், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆறு பட்டம் தேடிக் கொடுத்த அதே அணிதான்! அப்போது அவருக்கு வயது 68.

அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 2019-ல் சவுத் சிட்னி அணியின் பொறுப்பை ஏற்றார். 2020-ல் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கும் பயிற்சியாளரானார். இவ்வளவு மட்டமான அணியைக் கண்டதில்லை என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. அந்த அணி மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்று, நியூ சவுத் வேல்ஸை வீழ்த்தியது.

2023-ல் "டால்பின்ஸ்" என்ற புத்தம் புதிய அணிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே அது சிட்னி ரூஸ்டர்ஸை 28-18 என்ற கணக்கில் தோற்கடித்தது. 2025-ல், 75 வயதில், சவுத் சிட்னி அணி அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

பயிற்சியாளர் வேலையில் சீனியாரிட்டி கிடையாது. நேற்று வாங்கிய பட்டம் இன்று கை கொடுக்காது. தோற்றால் வெளியே போக வேண்டியதுதான். இது பென்னெட்டுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினார்.